கூடை காலியானது எப்படி?

புத்தகம் வாங்க ஒரு தளத்துக்குப் போகிறீர்கள். அரை மணி நேரம் தேடி ஆறு புத்தகங்களைக் கூடையில் சேர்க்கிறீர்கள். பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் வங்கியின் பக்கம் வருகிறது. கைபேசிக்கு வந்த ஓ.டி.பி.யைப் போட்டதும் பணம் கழிந்துவிட்டதாகக் குறுஞ்செய்தியும் வருகிறது. ஆனால் கடையின் பக்கத்துக்குத் திரும்பினால், "உங்கள் கூடை காலியாக உள்ளது" என்கிறது அது. மேலே உங்கள் பெயர் இருந்த இடத்தில் இப்போது 'லாக்-இன்' என்று இருக்கிறது. வங்கிக்கு உங்களைத் தெரிகிறது, கடைக்குத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட புகாரோடு தளத்தை நடத்துபவர்களிடம் போனால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "செஷன் டைம்-அவுட் ஆகியிருக்கும், நேரத்தைக் கூட்டிவிடுகிறோம்." சில சமயம் அது சரியான வைத்தியம். பல சமயம் நேரத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இருக்காது. முப்பது நிமிடத்தை மூன்று மணி நேரமாக்கிய பிறகும் கூடைகள் காலியாகிக்கொண்டேதான் இருக்கும். காரணம், செஷன், அதாவது உங்களைப் பற்றித் தளம் வைத்திருக்கும் தற்காலிக நினைவு, முழுசாக ஒரே இடத்தில் இருப்பதில்லை. பாதி உங்கள் பிரவுசரில் இருக்கிறது, பாதி எங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. எந்தப் பாதி தொலைந்தாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான். ஆகவே முதலில் கண்டுபிடிக்க வேண்டியது, மறந்தது யார் என்பதை.

வலை பிறக்கும்போதே மறதியோடு பிறந்தது. ஜெனிவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்.டி.டி.பி.யின் 1991ஆம் ஆண்டு வடிவத்தில், பிரவுசர் அனுப்பும் கோரிக்கை மொத்தமே ஒரு வரி. 'கெட்' என்ற சொல், அதன் பின்னால் ஆவணத்தின் முகவரி. சர்வர் ஆவணத்தை அனுப்பும், இணைப்பைத் துண்டிக்கும், அத்தோடு உறவு முடிந்தது. அடுத்த நொடியே அதே ஆள் வேறொரு ஆவணம் கேட்டாலும் சர்வரைப் பொறுத்தவரை அவர் புது ஆள். இயற்பியலாளர்கள் ஆய்வு ஆவணங்களைப் பகிர்ந்துகொள்ள இது போதுமானது. போதுமானது என்பதோடு நிறுத்துவதும் நியாயமில்லை. யாரையும் நினைவில் வைத்துக்கொள்ளாத சர்வர், பத்தாயிரம் பேர் வந்து போனாலும் பத்தாயிரம் பேரின் கணக்கைச் சுமக்க வேண்டியதில்லை. வலை இவ்வளவு வேகமாகப் பரவியதற்கு இந்த மறதி ஒரு முக்கியக் காரணம் என்றே நான் நினைக்கிறேன்.

கடை வைக்க வந்தவர்களுக்குத்தான் அது தலைவலியானது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்திடம் எம்.சி.ஐ. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் இணையக் கடை ஒன்றைக் கேட்டது. பாதியில் நிற்கும் கொள்முதல்களின் விவரத்தைத் தன் சர்வர்களில் சுமக்க அதற்கு விருப்பமில்லை. அந்தச் சுமையை வாங்குபவரின் கணினியிலேயே வைக்கலாம் என்று வழி சொன்னவர் நெட்ஸ்கேப்பின் இளம் புரோகிராமர் லூ மான்டுல்லி. சர்வர் ஒரு சின்ன உரைத்துண்டை அனுப்பும். பிரவுசர் அதைப் பத்திரப்படுத்தி, அடுத்த முறை அதே தளத்துக்குப் போகும்போதெல்லாம் தானாகவே திருப்பிக் காட்டும். அந்த ஆண்டு அக்டோபரில் வெளியான நெட்ஸ்கேப் பிரவுசரிலேயே குக்கீ என்ற இந்த உரைத்துண்டு வந்துவிட்டது.

ஆனால் ஒரு குக்கீயில் ஏறக்குறைய 4096 பைட் வரைதான் வைக்க முடியும். தவிர, பயனரின் கணினியில் இருப்பதை அவர் திருத்திவிடலாம். அதனால் கூடையையே பயனரிடம் கொடுக்காமல், அதன் எண்ணை மட்டும் கொடுக்கும் முறை நிலைத்தது. கோயில் வாசலில் செருப்பு விடும் இடம் மாதிரிதான்: டோக்கன் நம் கையில், செருப்பு அவர்கள் அடுக்கில். 2000ஆம் ஆண்டில் வந்த பி.எச்.பி. 4 மொழி இந்த ஏற்பாட்டைத் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டது. எவராலும் ஊகிக்க முடியாத நீளமான ஒரு எண் குக்கீயாகப் போகும். அந்த எண்ணின் பெயரில் சர்வரில் ஒரு கோப்பு இருக்கும். கூடையும் லாக்-இன் விவரமும் அந்தக் கோப்புக்குள். ஜாவா, ஏ.எஸ்.பி. டாட் நெட் எல்லாவற்றிலும் பெயர்தான் வேறு, அடிப்படை இதுவே.

ஆக, கேட்க வேண்டிய கேள்விகளும் தெளிவு. எண் கொடுக்கப்பட்டதா? அது திரும்ப வந்ததா? வந்த எண் சரியான அடுக்குக்குப் போனதா? போனபோது அங்கே பொருள் இருந்ததா?

முதல் இரண்டுக்கும் விடை காண எந்த நிபுணரும் வேண்டாம். கணினியில் குரோம் அல்லது ஃபயர்பாக்ஸைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். 'நெட்வொர்க்' என்ற பகுதியில் பிரவுசருக்கும் சர்வருக்கும் நடக்கும் போக்குவரத்து வரிவரியாக ஓடும். முதல் பக்கத்துக்கு வந்த பதிலின் தலைப்பு வரிகளில் 'செட்-குக்கீ' இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு வேறொரு பக்கத்துக்குப் போய், இந்த முறை பிரவுசர் அனுப்பிய கோரிக்கையில் 'குக்கீ' என்ற வரியில் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். செட்-குக்கீயே இல்லையென்றால் கோளாறு கொடுத்த இடத்தில். கொடுத்தும் பிரவுசர் திருப்பி அனுப்பவில்லை என்றால் கோளாறு வழியில். எண் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தும் கூடை காலி என்றால், பிரவுசரை விட்டுவிட்டு சர்வரைத் தோண்ட வேண்டும். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். இதைச் செய்யாமல் நிரலில் கை வைப்பவர்கள் நாள் கணக்கில் அலைவார்கள்.

எண்ணே கொடுக்கப்படாமல் போவதற்கு, தமிழ்த் தளங்களை நடத்தியவர்கள் பலருக்குத் தெரிந்த ஒரு காரணம் உண்டு. குக்கீ பக்கத்தின் தலைப்பு வரிகளில்தான் போக வேண்டும். பக்கத்தின் உள்ளடக்கத்தில் ஒரே ஒரு எழுத்து வெளியேறிவிட்டாலும் தலைப்புக்கான வாசல் மூடிவிடும். விண்டோஸின் நோட்பேடில் ஒரு பக்கத்தைத் திறந்து இரண்டு வரி தமிழ் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆன்சி முறையில் சேமித்தால் தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாகிவிடும், அதனால் யு.டி.எஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமிப்போம். 2019 மே மாதம் வெளியான விண்டோஸ் 10 பதிப்புக்கு முன்புவரை, நோட்பேட் அப்படிச் சேமிக்கும்போது கோப்பின் தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளக் குறி ஒன்றைத் தானாகவே வைத்துவிடும். எந்தத் திரையிலும் அது தெரியாது. ஆனால் பி.எச்.பி.க்கு அது உள்ளடக்கம். செஷனைத் தொடங்கும் கட்டளைக்கு முன்பே அந்த மூன்று பைட்டும் வெளியே போய்விடும், குக்கீ போகாது. வெளியீட்டைச் சேர்த்துவைத்து அனுப்பும் அமைப்பு இயங்கும் கணினியில் இந்தக் கோளாறு தலைகாட்டவே காட்டாது. அலுவலகக் கணினியில் ஓடும், வாடகைச் சர்வரில் ஓடாது. நேற்றுவரை வேலை செய்த தளம் ஒரு தமிழ் வாக்கியத்தைத் திருத்தியதால் எல்லோரையும் மறந்துவிட்டது என்றால் யார்தான் நம்புவார்கள்? பிழைச்செய்தி காட்டுவதை நிறுத்திவைக்காமல் சர்வரின் பதிவேட்டைப் படித்தால், 'தலைப்புகள் ஏற்கெனவே அனுப்பப்பட்டுவிட்டன' என்று அது எந்தக் கோப்பு, எந்த வரி என்பது உட்படச் சொல்லும்.

கொடுத்த எண் திரும்பி வராததற்குச் சில எளிய காரணங்கள் உண்டு. 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்த முகவரியில் வாங்கிய குக்கீ, அது இல்லாத முகவரிக்குப் போகாது, எச்.டி.டி.பி.எஸ். வழியில் 'செக்யூர்' முத்திரையோடு வாங்கியது சாதாரண எச்.டி.டி.பி. பக்கத்துக்குப் போகாது. இவற்றை எஃப்12 உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் தொடக்கத்தில் சொன்ன புத்தகக் கடைக் கோளாறு இவ்வளவு எளிதில் பிடிபடாது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்பது தகும்.

இந்தியாவில் 2009 ஆகஸ்ட் முதல், இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. நல்ல விதி, எத்தனையோ பேரின் பணத்தைக் காத்த விதி. அதன்படி வாங்குபவர் கடையை விட்டு வங்கியின் பக்கத்துக்குப் போய், ஓ.டி.பி. போட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பும்போது வங்கியின் பக்கமோ பணம் வசூலிக்கும் இடைத்தரகு நிறுவனத்தின் பக்கமோ ஒரு படிவத்தைத் தானாகச் சமர்ப்பித்து அவரைக் கடைக்கு அனுப்பும். தொழில்மொழியில் சொன்னால், வேறொரு தளத்திலிருந்து வரும் 'போஸ்ட்' கோரிக்கை.

2020 பிப்ரவரியில் குரோம் 80 வெளிவந்தது. வேறு தளத்திலிருந்து வரும் கோரிக்கைகளோடு உங்கள் குக்கீ ஒட்டிக்கொண்டு போனால், மோசடித் தளம் ஒன்று உங்கள் பெயரில் உங்கள் வங்கிக்கே கட்டளை அனுப்பிவிடலாம். அதைத் தடுக்க, 'சேம்சைட்' என்ற குறிப்பு இல்லாத குக்கீகளை எல்லாம் 'லாக்ஸ்' என்று கொள்வதாக கூகுள் அறிவித்தது. லாக்ஸ் குக்கீ, ஓர் இணைப்பைச் சொடுக்கி வருபவரோடு வரும். வேறு தளம் அனுப்பும் போஸ்ட் கோரிக்கையோடு வராது. கொரோனா காலத்தில் அத்தியாவசியத் தளங்கள் நின்றுவிடக் கூடாது என்று ஏப்ரலில் இந்த மாற்றத்தைத் தற்காலிகமாகத் திரும்பப் பெற்று, ஜூலையில் மறுபடி நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் ஒரு சலுகையும் இருந்தது. குக்கீ வழங்கப்பட்டு இரண்டு நிமிடத்துக்குள் என்றால், குறிப்பில்லாத குக்கீயையும் போஸ்ட் கோரிக்கையோடு குரோம் அனுப்பும். பழைய தளங்கள் உடையாமல் இருக்க வைத்த சலுகை இது. கோளாறைக் கண்டுபிடிக்க முடியாமல் அடித்ததும் இதேதான். சோதித்துப் பார்க்கும் புரோகிராமர் தளத்தைத் திறப்பார், கையில் கிடைத்த முதல் பொருளைக் கூடையில் போடுவார், சோதனைக் கார்டு எண்ணை ஒட்டுவார், ஒரு நிமிடத்தில் கடைக்குத் திரும்பியிருப்பார். எல்லாம் சரியாக இருக்கும். அரை மணி நேரம் புத்தகம் தேடியவர் திரும்பி வரும்போது குக்கீ வராது.

அடுத்து நடப்பதுதான் உண்மையான சேதம். எண் இல்லாமல் வந்த கோரிக்கையைப் பார்த்த கடையின் நிரல், 'யாரோ புதியவர்' என்று ஒரு புது செஷனைத் தொடங்கி, புது எண்ணைக் குக்கீயாக அனுப்பிவிடும். பிரவுசரில் இருந்த பழைய எண்ணின் மேலேயே புது எண் எழுதப்பட்டுவிடும். ஆறு புத்தகங்களோடு பழைய கூடை சர்வரில் பத்திரமாகத்தான் இருக்கிறது. அதைத் திறக்கும் எண் மட்டும் உலகத்தில் யாரிடமும் இல்லை. இந்த நிலையில் டைம்-அவுட்டை எத்தனை மணி நேரம் கூட்டினாலும் என்ன பயன்?

'சேம்சைட்=நன்' என்று வெளிப்படையாகக் குறித்து, கூடவே 'செக்யூர்' முத்திரையும் வைப்பது பலர் செய்த திருத்தம். ஆனால் ஐ.ஓ.எஸ். 12இல் இருந்த சஃபாரி அந்த 'நன்' என்ற சொல்லைப் புரிந்துகொள்ளாமல், மிகக் கறாரான 'ஸ்ட்ரிக்ட்' என்று எடுத்துக்கொண்டது. குரோம்காரர்களைக் காப்பாற்றப் போய்ப் பழைய ஐபோன்காரர்களின் கூடையைக் காலியாக்கிய தளங்கள் உண்டு. எனக்குச் சரியென்று படும் வழி வேறு. வங்கியிலிருந்து திரும்பும் பக்கம் செஷனைத் தொடவே கூடாது. ஆர்டர் எண் பணப் பரிவர்த்தனையோடு போய், கையொப்பத்தோடு திரும்பி வருகிறது. அதைச் சரிபார்த்து டேட்டாபேஸில் குறித்துவிட்டு, வாங்குபவரைச் சாதாரண இணைப்பாக அடுத்த பக்கத்துக்குத் திருப்பிவிட்டால், லாக்ஸ் குக்கீ தன்னால் வந்து சேரும். பணம் கட்டியவரின் ஆர்டர், அவர் பிரவுசர் எதை நினைவில் வைத்திருக்கிறது என்பதை நம்பி இருக்கக் கூடாது.

இனி சர்வர் பக்கம். இங்கே கோளாறைக் காட்டிக்கொடுப்பது அதன் தாளம்தான். ஒரு சொடுக்கில் பெயர் தெரிகிறது, அடுத்த சொடுக்கில் இல்லை, அதற்கடுத்ததில் மறுபடி தெரிகிறது என்றால், பின்னால் இரண்டு சர்வர்கள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஒவ்வொன்றும் தன் செஷனைத் தன்னிடமே வைத்திருக்கிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். கூட்டம் அதிகமான நாளில் மட்டும் தொலைகிறது என்றால், செஷன் எந்தக் கிடங்கில் இருக்கிறது என்று பாருங்கள். 2003இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய மெம்கேஷ்டு பல தளங்களில் அந்த வேலையைச் செய்கிறது. அது தற்காலிக நினைவகம். இடம் நிறைந்ததும், நெடுநேரம் தொடப்படாததைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டுப் புதியதை வைப்பதுதான் அதன் இயல்பு. அது பிழையே இல்லை என்பதால் பிழைச்செய்தியும் வராது. லாக்-இன் நிற்கிறது, கூடையில் ஒரு பொருள் மட்டும் காணோம் என்றால், ஒரே நேரத்தில் வந்த இரண்டு கோரிக்கைகள் செஷனை முழுசாகப் படித்து முழுசாகத் திருப்பி எழுதியிருக்கும்; பின்னால் எழுதியது முன்னதை அழித்திருக்கும். பி.எச்.பி.யின் கோப்பு முறை பூட்டுப் போட்டு இதைத் தடுக்கிறது. வேகத்துக்காக ரெடிஸ் என்ற நினைவகக் கிடங்குக்கு மாறுபவர்கள், அங்கே அந்தப் பூட்டை அமைப்பில் தாமாகவே இயக்க வேண்டும் என்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

கைபேசியில் பயணத்தின்போது மட்டும் லாக்-இன் போகிறது என்று சிலர் சொல்வதை மனப்பிரமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. பாதுகாப்புக்காகச் செஷன் எண்ணை அவ்வப்போது மாற்றுவது நல்ல வழக்கம். சர்வர் புது எண்ணை அனுப்பிவிட்டுப் பழையதை உடனே அழித்துவிடுகிறது. ரயில் சிக்னல் இல்லாத இடத்தைக் கடக்கும்போது அந்தப் பதில் வந்து சேரவே இல்லை. கைபேசியிடம் இருப்பது செத்துப்போன எண். பழைய எண்ணைச் சிறிது நேரம் உயிரோடு வைத்திருக்கச் சொல்லி பி.எச்.பி.யின் கையேடே அறிவுறுத்துகிறது.

உண்மையிலேயே நேரம்தான் காரணம் என்கிற இடத்துக்கு இப்போது வரலாம். பி.எச்.பி.யில் இயல்பாக வைத்திருக்கும் ஆயுள் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். ஆனால் 24 நிமிடம் ஆனதும் கோப்பு தானாக அழிவதில்லை. செஷனைத் திறக்கும் ஒவ்வொரு கோரிக்கையின்போதும், நூற்றில் ஒன்று என்ற வாய்ப்பில், துப்புரவு வேலை நடக்கும். கெடு தாண்டிய கோப்புகள் அப்போதுதான் போகும். ஆகவே தனியாக உட்கார்ந்து சோதிப்பவரின் கணினியில் ஒரு மணி நேரம் கழித்தும் செஷன் உயிரோடு இருக்கும். ஆயிரம் பேர் நடமாடும் தளத்தில் 24 நிமிடம் தாண்டிய கையோடு போய்விடும். உபுண்டு, டெபியன் சர்வர்களில் இந்தக் குலுக்கல் இல்லை. மணிக்கு இரண்டு முறை தனியாக ஒரு துப்புரவு நிரல் ஓடுகிறது. ஒரே சர்வரில் இரண்டு தளங்கள் ஒரே அடைவில் செஷன்களை வைத்திருந்தால் இன்னொரு வம்பு. உங்கள் தளத்துக்கு மூன்று மணி நேரம் என்று வைத்திருந்தாலும், பக்கத்துத் தளம் 24 நிமிடக் கணக்கில் துப்புரவு செய்யும்போது உங்கள் கோப்புகளையும் சேர்த்து அள்ளிவிடும்.

இந்த 24 நிமிடம் எதிலிருந்து கணக்கு என்பதுதான் பயனர்களை மிகவும் வதைப்பது. கடைசியாக ஒரு கோரிக்கை சர்வரைத் தொட்ட நேரத்திலிருந்து கணக்கு. நீளமான விண்ணப்பம் ஒன்றை நிரப்புகிறவர் ஒரு நொடி கூடச் சும்மா இருப்பதில்லை. சான்றிதழைத் தேடி எடுக்கிறார், எண்ணை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தட்டுகிறார். ஆனால் சர்வருக்கு அது எதுவும் தெரியாது. அதன் கணக்கில் அவர் வெகுநேரமாகத் தூங்குகிறார். மெதுவாகத் தட்டச்சு செய்பவர்கள், கண்பார்வை குறைந்தவர்கள், ஆங்கிலப் படிவத்தைப் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டுக் கேட்டு நிரப்பும் முதியவர்கள்தான் இந்த விதியில் முதலில் விழுகிறார்கள். வேகமானவர்களுக்கு இப்படியொரு விதி இருப்பதே தெரியாது.

2008இல் டபிள்யூ3சி அமைப்பு வெளியிட்ட அணுகல்தன்மை நெறிகள் இதைப் பற்றி மிகத் தெளிவாகப் பேசுகின்றன. நேரக் கெடு வைத்தால், அதை நீக்கவோ மாற்றவோ பயனருக்கு வழி இருக்க வேண்டும். இல்லையென்றால் முடியும் முன்பே எச்சரித்து, ஒரு விசையைத் தட்டி நீட்டிக்க குறைந்தது 20 நொடியாவது கொடுக்க வேண்டும். இது அடிப்படை நிலை விதி. மேல்நிலை விதி இன்னும் ஒரு படி போகிறது: செஷன் முடிந்தால் முடியட்டும், மறுபடி உள்நுழைந்ததும் அவர் நிரப்பியது அப்படியே இருக்க வேண்டும். இந்த இரண்டாவதை மேல்நிலையில் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. அதுவும் அடிப்படை நிலையில்தான் இருந்திருக்க வேண்டும்.

செய்வது கடினமும் இல்லை. சிலர் பிரவுசரிலேயே வரைவைச் சேமித்துவைக்கிறார்கள். சொந்தக் கணினியில் அது போதும். பிரவுசிங் சென்டரில் அடுத்து உட்காருபவர் அதே பக்கத்தைத் திறந்தால், முந்தையவரின் முகவரியும் பிறந்த தேதியும் அவர் கண்ணெதிரே வந்து நிற்கும். அதனால் படிவத்தை நாலைந்து பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதி முடிந்ததும் சர்வருக்கு அனுப்பி, செஷனில் வைக்காமல் விண்ணப்ப எண்ணின் கீழ் டேட்டாபேஸில் எழுதிவிடுவதே சரி. செஷனில் இருக்க வேண்டியது, உள்ளே நுழைந்திருப்பவர் யார் என்பது மட்டும்.